தேர்ந்த கலைஞரிடம் செல்லோ பயில்தல்

செல்லோவின் அடிப்படைகளைக் கற்று, இசைக்குறிப்பைப் பார்த்து வாசிக்கவும் முதல் நான்கு நிலைகளில் தடுமாற்றமின்றி விரல் வைக்கவும் பழகிய மாணவர், அடுத்த கட்டமாக மேடையில் நிலைபெற்ற ஒரு கலைஞரிடம் பாடம் கேட்கச் செல்லும்போது, அவரிடமிருந்து எதைப் பெற இயலும், எதைப் பெற இயலாது என்பதை முன்னரே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஒரு கலைஞரின் நாதம் அவருடைய கையின் நீளம், விரல் நுனியின் சதைப்பற்று, அவர் வாசிக்கும் கருவி, பல்லாண்டுக் கேள்வி ஆகியவை கூடி உண்டான விளைவாதலால், அதை இன்னொருவர் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அந்த நாதம் எந்த அசைவால் பிறக்கிறது, அந்த அசைவு உடலின் எந்தப் பகுதியில் தொடங்குகிறது, ஏன் அந்த இடத்தில் அந்த விரல் தேர்ந்தெடுக்கப்பட்டது என்னும் காரணங்களை மட்டும் முழுமையாக எடுத்துக்கொள்ள முடியும். இந்த அத்தியாயம் காரணங்களைத் தேடிக் கற்கும் அந்த முறையை, செல்லோ வரலாற்றின் பெரிய ஆசிரியர்களின் நடைமுறையை ஆதாரமாகக் கொண்டு விளக்குகிறது.

நூல்வழியும் கைவழியும்

செல்லோவுக்குப் பயிற்சி நூல்கள் குறைவில்லை. 1741-இல் பாரிஸில் மிஷேல் கொரெட் வெளியிட்ட நூலைத் தொடர்ந்து, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜான் லூயி டூபோர், விரல் வைப்பு முறையை ஒழுங்குபடுத்தி, அதற்குத் துணையாக 21 எட்யூடுகளையும் சேர்த்து ஒரு நூல் எழுதினார். எட்யூட் என்பது ஒரு குறிப்பிட்ட நுட்பச் சிக்கலை மையமாக வைத்து இயற்றப்பட்ட பயிற்சி உருப்படி. டேவிட் பாப்பர் 1901-க்கும் 1905-க்கும் இடையில் வெளியிட்ட 40 எட்யூடுகள் இன்றும் உயர்நிலை மாணவர்களுக்குப் பொதுப்பாடமாக இருக்கின்றன.

ஆயினும் எந்த விரலால் எந்தச் சுரத்தைத் தொட வேண்டும் என்பதை நூல் சொல்லுமே தவிர, அந்த விரல் தந்தியில் இறங்கும்போது தோள் எவ்வளவு தளர்ந்திருக்க வேண்டும் என்பதை அதனால் காட்ட இயலாது. அதனால்தான் செல்லோ நுட்பம் நூல்களின் வழியாக மட்டுமன்றி, ஆசிரியரின் கையிலிருந்து மாணவரின் கைக்கு நேரடியாகவும் இறங்கி வந்திருக்கிறது. புடாபெஸ்டில் பாப்பரிடம் பயின்ற அடால்ஃப் ஷிஃபரின் மாணவர் யானோஸ் ஸ்டார்க்கர், 1958 முதல் அமெரிக்காவின் புளூமிங்டனில் உள்ள இண்டியானா பல்கலைக்கழகத்தில் பல தலைமுறை மாணவர்களை உருவாக்கினார். லைப்சிக் நகரில் யூலியஸ் கிளெங்கலிடம் பயின்ற வில்லியம் பிளீத், பின்னாளில் லண்டனில் ஜாக்லின் டு ப்ரே என்னும் சிறுமியை வளர்த்தெடுத்தார். இவ்வாறான பரம்பரைகளில் ஒவ்வொரு தலைமுறையும் முந்தைய தலைமுறையின் காரணங்களைப் பெற்றுக்கொண்டு, தன் காலத்துக்கும் கருவிக்கும் ஏற்ப அவற்றின் விளைவுகளை மாற்றிக்கொண்டே வந்திருக்கிறது.

ஆசிரியரின் வகையை அறிதல்

தேர்ந்த கலைஞர்கள் எல்லோரும் ஒரே விதமாகக் கற்பிப்பதில்லை. அவர்களுடைய முறைகளை மூன்றாகப் பகுத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றும் மாணவரிடம் வெவ்வேறு உழைப்பைக் கேட்கிறது.

முதல் வகை, கருவியை எடுத்து வாசித்துக் காட்டுவது. பாப்லோ கசால்ஸின் முறைக்கு இதில் தனியிடம் உண்டு. இரண்டாம் உலகப் போர் முடிந்த பின்னர், பிரான்ஸின் பிராத் என்னும் சிற்றூரில் வாழ்ந்துவந்த கசால்ஸிடம் அமெரிக்கச் செல்லோ கலைஞர் பெர்னார்ட் கிரீன்ஹவுஸ் பாடம் கேட்கச் சென்றபோது, பாக் இயற்றிய டி மைனர் தனிச்செல்லோ சூட்டை ஒவ்வொரு விரலும் ஒவ்வொரு வில்லோட்டமும் ஆசிரியருடையதைப் போலவே அமையும்வரை அவரைக் கற்கச் செய்தார் கசால்ஸ். பல வார உழைப்புக்குப் பின் மாணவர் அதை முழுமையாகப் படியெடுத்து முடித்ததும், கசால்ஸ் அதே உருப்படியை விரல் வைப்பு, வில்லோட்டம், அழுத்தங்கள் அனைத்தையும் மாற்றி மீண்டும் வாசித்துக் காட்டினார். முதலில் நுணுக்கமாகப் படியெடுக்கச் சொன்னதன் நோக்கம், ஒரு முழுமையான தீர்வு எப்படி இருக்கும் என்பதை மாணவரின் உடல் அறியச் செய்வது. பின்னர் அதை மாற்றிக் காட்டியதன் நோக்கம், அத்தீர்வு பலவற்றுள் ஒன்றுதான் என்பதை அவர் மனம் அறியச் செய்வது. வாசித்துக் காட்டும் ஆசிரியரிடம் பயில்பவர் இவ்விரு படிகளையும் தாமே கடக்க வேண்டியிருக்கும். ஆசிரியர் இரண்டாம் படியை எடுத்துக் காட்டாவிட்டாலும், முதல் படியிலேயே தங்கிவிடக் கூடாது.

இரண்டாம் வகை, பகுத்து விளக்குவது. ஸ்டார்க்கர் இளமையிலேயே பெரும் திறமையுடன் மேடையேறியவர். தாம் எப்படி வாசிக்கிறோம் என்பதைத் தெளிவாக அறியாமல் வாசிப்பவர் ஒரு கட்டத்தில் அத்திறனை இழந்துவிடக்கூடும் என்ற உணர்வு அவரைத் தம் வாசிப்பையே ஆராயச் செய்தது. 1961-இல் அவர் வெளியிட்ட இடக்கைப் பயிற்சி நூல் அந்த ஆராய்ச்சியின் ஒரு பகுதி. இத்தகைய ஆசிரியர் சொல்லும் ஒவ்வொரு விதிக்கும் பின்னால் உடலியக்கம் சார்ந்த ஒரு காரணம் இருக்கும். மாணவர் அந்த விதியைக் குறித்துக்கொள்வதோடு நில்லாமல் காரணத்தையும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் வகை, இசையின் பொருளை மட்டும் எடுத்துரைத்து, அதற்குரிய நுட்பத்தை மாணவரே தேடும்படி விடுவது. மாஸ்கோ கன்சர்வேட்டரியில் ம்ஸ்டிஸ்லாவ் ரோஸ்ட்ரோபோவிச் பெரும்பாலும் பியானோவின் முன் அமர்ந்து, ஆர்க்கெஸ்ட்ராவின் பகுதிகளை நினைவிலிருந்தே வாசித்தபடி, செல்லோவை அரிதாகவே கையில் எடுத்துப் பாடம் நடத்தினார். அவர் வாசிப்பதைப் போலவே வாசித்துவிடும் தூண்டுதல் இதனால் மாணவருக்கு எழவில்லை. இவ்வகை ஆசிரியரிடம் செல்பவர் தம் நுட்பத்தைப் பற்றி ஏற்கெனவே ஓரளவு தெளிவு உடையவராக இருந்தால்தான் பயன் பெறுவார். அத்தெளிவு இல்லாதவர் முதலில் இரண்டாம் வகை ஆசிரியர் ஒருவரிடம் சில காலம் பயில்வது நல்லது.

அமரும் முறையைக் கவனித்தல்

பாடவேளையில் முதலில் கவனிக்க வேண்டியது ஆசிரியரின் விரல்களை அன்று. அவர் நாற்காலியில் அமரும் விதத்தை. செல்லோவின் உடல் சுமார் 75 சென்டிமீட்டர் நீளமுடையது. அதைத் தாங்குவது தரையில் ஊன்றியிருக்கும் கம்பி, இரு முழங்கால்கள், மார்பெலும்பு ஆகிய இடங்கள். 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை பலர் கருவியைக் கெண்டைக்கால்களுக்கு இடையே இடுக்கிக்கொண்டுதான் வாசித்தனர். ஊன்றுகம்பி பரவலானதில் பெல்ஜியக் கலைஞர் அட்ரியன் பிரான்சுவா செர்வேயின் பங்கு பெரிது. கருவியைத் தாங்கும் வேலையிலிருந்து கால்கள் பெரும்பாலும் விடுபட்டதால், உடலின் மேற்பகுதியும் இறுக்கம் தளர்ந்து இயங்க வழி பிறந்தது. பின்னாளில் பிரெஞ்சுக் கலைஞர் போல் டோர்த்தலியே, வளைந்த கம்பியைப் பயன்படுத்திக் கருவியை மேலும் படுக்கைவசமாகச் சாய்த்தார். ரோஸ்ட்ரோபோவிச்சும் அதைப் பின்பற்றினார்.

மாணவர் தம் அமர்வைச் சரிபார்க்க, நாற்காலியின் முன்விளிம்பில் அமர்ந்து, இரு பாதங்களையும் முழுமையாகத் தரையில் பதித்து, கருவியைப் பிடிக்காமலேயே ஒருமுறை எழுந்து நிற்க முயல வேண்டும். உடலைப் பின்னுக்குச் சாய்த்து ஊஞ்சலாட்டாமல் எழ முடிந்தால் எடை பாதங்களின் மேல் சரியாக நிற்கிறது என்று கொள்ளலாம். பின்னர் கருவியை வைத்துக்கொண்டு, சி தந்தியின் முறுக்காணி இடக்காதின் பின்புறம் வரும்படி கம்பியின் நீளத்தைச் சீராக்க வேண்டும். கருவிக்காக முதுகு வளையத் தொடங்கினால் கம்பியின் நீளமோ நாற்காலியின் உயரமோ பொருந்தவில்லை. அக்குறை நீங்கும்வரை கைகளுக்குச் சொல்லப்படும் எந்தத் திருத்தமும் நிலைக்காது.

வலக்கை: நாதத்தின் மூன்று அளவுகள்

கசால்ஸ் சிறுவனாகப் பயின்ற காலத்தில், வில் பிடிக்கும் கையின் அக்குளில் ஒரு புத்தகத்தை இடுக்கி, அது விழாமல் வாசிக்கப் பழக்கும் வழக்கம் இருந்தது. மேற்கை உடலோடு ஒட்டியிருந்தமையால் வில்லை இயக்கும் பொறுப்பு முழுவதும் முன்கையின்மேலும் மணிக்கட்டின்மேலும் விழுந்தது. கசால்ஸ் அந்தக் கட்டுப்பாட்டை உதறி, கை முழுவதும் தோளிலிருந்தே இயங்கும்படி செய்தார். இன்று எல்லோரும் இயல்பாகக் கருதும் இந்த முறையைக் கவனிக்கும் மாணவர், ஆசிரியரின் மணிக்கட்டைப் பார்ப்பதற்கு முன் அவருடைய முதுகையும் தோளையும் பார்க்க வேண்டும்; வில்லின் அசைவு அங்கேதான் தொடங்குகிறது.

வில் தந்தியைப் பற்றி இழுத்து, நழுவவிட்டு, மீண்டும் பற்றும் நிகழ்வு ஒரு நொடியில் பல முறை நடப்பதால்தான் நாதம் பிறக்கிறது. ஏ தந்தியில் இது நொடிக்கு 220 முறை, சி தந்தியில் ஏறத்தாழ 65 முறை. இந்தப் பற்றும் நழுவலும் சீராக நடக்க மூன்று அளவுகள் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும்: வில்லின் வேகம், வில்லின்மேல் கை இறக்கும் எடை, குதிரைக்கும் விரல்பலகைக்கும் இடையில் வில் தந்தியைத் தொடும் இடம். குதிரை என்பது தந்திகளைத் தாங்கி அவற்றின் அதிர்வைக் கருவியின் உடலுக்குக் கடத்தும் மரப்பாலம். குதிரைக்கு அருகில் வாசிக்க எடை மிகவும் வேகம் குறையவும் வேண்டும். விரல்பலகையை நெருங்கும்போது எடை குறைந்து வேகம் கூட வேண்டும். இடக்கை மேல்நிலைகளுக்கு ஏறும்போது அதிரும் தந்தியின் நீளம் குறைவதால், வில் தொடும் இடமும் குதிரையை நோக்கி நகர வேண்டும். மேல்நிலையில் நாதம் கிறீச்சிட்டாலோ மெலிந்தாலோ மாணவர் இடக்கையைக் குறைசொல்வதற்கு முன் இந்த நகர்வு நிகழ்ந்ததா என்று பார்க்க வேண்டும்.

செல்லோ வில்லின் எடை சுமார் 80 கிராம். வில்லின் அடிப்பகுதியில் கையின் எடை நேரடியாகத் தந்தியின்மேல் இறங்குவதால் அங்கே அதைக் குறைக்க வேண்டியிருக்கிறது. நுனியில் அந்த எடை எட்டாததால், முன்கையை உட்புறமாகத் திருப்பி ஆள்காட்டி விரலின் வழியே எடையைச் செலுத்த வேண்டியிருக்கிறது. இந்த மாற்றம் வில்லின் முழு நீளத்திலும் படிப்படியாக நடைபெற வேண்டும் என்பதே வில் நுட்பத்தின் மிகக் கடினமான பகுதி. ஆசிரியர் மெல்ல ஒரு முழு வில் இழுக்கும்போது அவருடைய முழங்கையின் உயரமும் முன்கையின் திருப்பமும் எங்கே மாறத் தொடங்குகின்றன என்பதை மாணவர் உற்றுப் பார்க்க வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சி பின்வருமாறு. மெட்ரனோமை நிமிடத்துக்கு 60 தட்டு என்று வைத்துக்கொண்டு, திறந்த தந்தியில், அதாவது இடக்கை விரல் படாத தந்தியில், ஒரு வில்லுக்கு 8 தட்டு வீதம் ஒரே பலத்தில் இழுக்க வேண்டும். நாதம் எங்கும் நடுங்காமல் வரத் தொடங்கியதும் 12 தட்டாகவும் பின்னர் 16 தட்டாகவும் நீட்ட வேண்டும். அதன்பின் அதே நீளத்துக்குள் நாதத்தை வளர்த்துக் குறைக்கப் பழக வேண்டும். நீண்ட சுரம் உயிரற்றுக் கிடக்கக் கூடாது, ஒன்று வளர வேண்டும் அல்லது தேய வேண்டும் என்பதைக் கசால்ஸ் தம் மாணவர்களிடம் விடாது வற்புறுத்தினார். முதலில் சமமாக இழுக்கப் பழகாதவர் விரும்பிய இடத்தில் வளர்க்கவும் தேய்க்கவும் இயலாதாகையால், பயிற்சியில் இந்த வரிசையை மாற்றக் கூடாது.

இடக்கை: தூரங்களும் தயாரிப்பும்

செல்லோவின் அதிரும் தந்தி நீளம் ஏறத்தாழ 69 சென்டிமீட்டர். முதல் நிலையில் ஆள்காட்டி விரலுக்கும் அடுத்த அரைச்சுரத்துக்கும் இடையே சுமார் மூன்றரை சென்டிமீட்டர் தூரம் இருக்கிறது. தந்தியின் நடுப்புள்ளியில் அதே அரைச்சுரம் இரண்டு சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவான இடத்தில் அடங்கிவிடுகிறது. எனவே கை மேலே ஏற ஏற விரல்கள் நெருங்கிக்கொண்டே வர வேண்டும். கீழ்நிலைகளில் அடுத்தடுத்த விரல்களுக்கிடையே ஓர் அரைச்சுரம் என்னும் ஒழுங்கும் இந்தத் தூரங்களின் விளைவே. டூபோர் இவ்வொழுங்கை முறையாக வகுத்தார். கையை மேலும் விரித்து, ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே ஒரு முழுச்சுரம் வரச் செய்வது விரிப்பு எனப்படும். கசால்ஸ் இந்த விரிப்பைத் தம் காலத்தவரைவிடத் தாராளமாகப் பயன்படுத்தி, கை மேலும் கீழும் ஓடும் தடவைகளைக் குறைத்தார். அதனால் சுரங்களுக்கிடையே தேவையற்ற இழுவையொலி மறைந்து இசைவாக்கியம் தெளிவாக ஒலித்தது.

விரிப்பைக் கற்கும்போது ஒரு பொதுப்பிழை நேர்கிறது. கையை விரித்தபடியே இறுக்கிப் பிடித்திருந்தால் விரல்கள் விரைவில் களைத்துவிடும். விரல் இறங்கும் கணத்தில் உறுதியும், இறங்கிய உடனே தளர்ச்சியும் வேண்டும். வேகமான பகுதிகளிலும் கை கணநேரமாவது ஓய்வு கொள்ள வேண்டும் என்று கசால்ஸ் கற்பித்தது இதனால்தான். ஆசிரியர் வாசிக்கும்போது வேலையில் இல்லாத விரல்கள் எப்படி இருக்கின்றன என்பதை மாணவர் பார்க்க வேண்டும். அவை தந்திக்கு மேலே வளைந்து தளர்ந்து நின்றால், அந்தத் தளர்ச்சியே கற்க வேண்டிய பாடம்.

நிலைமாற்றம் என்பது கை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குத் தந்தி வழியே நகர்வது. ஏ தந்தியில் முதல் நிலையில் ஆள்காட்டி விரல் பி சுரத்தில் இருக்க, நான்காம் நிலையில் சுண்டுவிரலால் ஜி சுரத்தைத் தொட வேண்டுமானால், சுண்டுவிரலை நேரடியாக எறிவது ஆபத்தானது. ஆள்காட்டி விரலையே பி-யிலிருந்து நான்காம் நிலையில் அதற்குரிய இ சுரத்துக்கு நகர்த்தி, அங்கே கை அமர்ந்த பின் சுண்டுவிரலை ஜி-யில் இறக்க வேண்டும். நடுவில் வரும் இந்த இ சுரம் வழிகாட்டும் சுரம் எனப்படும். முதலில் அது வெளிப்படையாகக் கேட்கும்படி மெதுவாகவும், பின்னர் கேட்டும் கேளாமலும், இறுதியில் வில்லின் எடையைச் சற்றுத் தளர்த்தி முற்றிலும் கேளாதபடியும் பயில வேண்டும்.

இதைவிட முக்கியமானது, கை நகர்வதற்கு முன்பே முழங்கை நகரத் தொடங்குவது. சுரம் ஒலிக்கும் கணத்தில் அசைவைத் தொடங்குபவர் எப்போதும் தாமதமாகவே சேருவார். முன்கூட்டியே உடலைத் தயாரித்துக்கொள்ளும் இந்த நடைமுறை ஸ்டார்க்கரின் கற்பித்தலில் மையமான இடம் பெற்றது. தேர்ந்த கலைஞரைப் பார்க்கும் மாணவர் ஒரு கடினமான தாவலை அவர் எட்டும் கணத்தைப் பார்ப்பதைவிட, அதற்கு முந்தைய சுரத்தின்போது அவர் உடல் என்ன செய்கிறது என்பதைப் பார்த்தால் மிகுதியாகக் கற்பார்.

நான்காம் நிலைக்கு மேல் கருவியின் தோள் குறுக்கிடுவதால், விரல்பலகையின் பின்னால் இருந்த கட்டைவிரல் முன்னே வந்து, இரு தந்திகளின் குறுக்கே படிந்து ஒரு நடமாடும் ஆதாரமாகிறது. இது கட்டைவிரல் நிலை. அப்பகுதியில் வலி வருவது இயல்பு என்று எண்ணிப் பொறுத்துக்கொள்வது தவறு. தொடக்கத்தில் தோலில் எரிச்சல் இருக்கலாம். ஆனால் கட்டைவிரலின் மூட்டிலோ முன்கையிலோ வலி தோன்றினால் அழுத்தம் விரலிலிருந்து எழுகிறது, கையின் எடையிலிருந்து இறங்கவில்லை என்று பொருள். அப்போது பயிற்சியை நிறுத்தி, அடுத்த பாடத்தில் ஆசிரியரிடம் அதைச் சொல்ல வேண்டும்.

நாதத்துக்கு அசைவூட்டும் வைப்ராட்டோவும் முன்கையின் தளர்ந்த உருளலிலிருந்தே பிறக்கிறது. நிமிடத்துக்கு 60 தட்டில், ஒரு தட்டுக்கு 2 உருளல், பின் 3, பின் 4 என்று சீராகப் பயின்ற பிறகே வேகத்தையும் அகலத்தையும் இசைக்கேற்ப மாற்ற முனைய வேண்டும். ஆசிரியர் எல்லாச் சுரங்களுக்கும் ஒரே வைப்ராட்டோவைத் தருகிறாரா, எங்கே அதை முற்றிலும் நிறுத்துகிறார் என்பதைக் குறித்துக்கொள்வது பயனுள்ளது.

சுருதியைக் கேட்கப் பழகுதல்

செல்லோவின் விரல்பலகையில் சுர இடங்களைக் காட்டும் மெட்டுகள் இல்லாததால் சுருதிச் சுத்தம் காதின் தீர்ப்பையே நம்பியிருக்கிறது. இதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. டி தந்தியில் ஆள்காட்டி விரலால் இ சுரத்தை வைத்து, மேலுள்ள திறந்த ஏ தந்தியோடு சேர்த்து ஒலிக்கச் செய்து இரண்டும் அலையின்றி இணையும்வரை விரலைச் சரிசெய்ய வேண்டும். பின்னர் விரலை அசைக்காமல், கீழுள்ள திறந்த ஜி தந்தியோடு அதே இ சுரத்தை ஒலிக்கச் செய்தால் அது சற்றுக் கூடுதலாக இருப்பது காதில் படும். இரு இடங்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடு ஓர் அரைச்சுரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. விரல் பிழை செய்யவில்லை. ஒரே பெயருடைய சுரத்துக்குத் துணைச்சுரத்தைப் பொறுத்து இரண்டு சரியான இடங்கள் இருக்கின்றன.

தனி மெட்டில் வரும் சுரங்களுக்கு மூன்றாவது ஓர் அளவுகோலும் உண்டு. ஆதாரச்சுரத்துக்கு அரைச்சுரம் கீழே நின்று அதை நோக்கி இழுக்கப்படும் சுரத்தைக் கசால்ஸ் சற்று மேலே ஏற்றி, ஆதாரச்சுரத்தை நெருங்கி நிற்கும்படி வாசித்தார். இசையின் போக்கே சுரத்தின் இடத்தை நிர்ணயிக்கிறது என்பது அவர் கொள்கை. பியானோவோடு சேர்ந்து வாசிக்கும்போதும், நால்வர் குழுவில் ஒருவராக அமரும்போதும், தனியாக பாக் வாசிக்கும்போதும் ஆசிரியரின் இ ஒரே இடத்தில் நிற்கிறதா என்று கேட்கத் தொடங்கும் மாணவருக்குச் சுருதி என்பது அளவுகோலில் குறித்த புள்ளியாக இல்லாமல் உறவாக விளங்கத் தொடங்கும்.

பாடத்துக்கு முன்னும் பின்னும்

தேர்ந்த கலைஞரோடு கிடைக்கும் நேரம் பெரும்பாலும் குறைவானது. அதைச் சுரங்களைத் தேடுவதில் செலவிடாமல் இருக்க, உருப்படியை மனப்பாடமாகவும், பியானோ அல்லது ஆர்க்கெஸ்ட்ரா பகுதியை அறிந்தும், தமது சொந்த விரல் வைப்பைப் பென்சிலால் எழுதியும் கொண்டுசெல்ல வேண்டும். சொந்த விரல் வைப்பு இருந்தால்தான் ஆசிரியர் அதை மாற்றும்போது எது, ஏன் மாறுகிறது என்பது புலப்படும். அதோடு ஒரே ஒரு கேள்வியைத் தெளிவாகத் தயாரித்துச் செல்ல வேண்டும். ‘இந்த இடம் நன்றாக வரவில்லை’ என்பதைவிட, ‘இந்த நிலைமாற்றத்தில் வில் திரும்பும் கணமும் கை நகரும் கணமும் மோதுகின்றன, எதை முன்னதாகச் செய்ய வேண்டும்’ என்று கேட்பவருக்குப் பயனுள்ள விடை கிடைக்கும்.

பாடம் முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் குறிப்பு எழுதிவிட வேண்டும். ஒரு தாளை நான்கு பத்திகளாகப் பிரித்து, ஆசிரியர் செய்துகாட்டியது, சொன்னது, அதன்பின் நாதத்தில் ஏற்பட்ட மாற்றம், அதற்குக் காரணமென்று மாணவர் கருதுவது ஆகியவற்றைத் தனித்தனியே பதிய வேண்டும். நான்காவது பத்தி வெறுமையாக இருக்கும் குறிப்புகளே அடுத்த பாடத்தில் கேட்க வேண்டிய கேள்விகள்.

அடுத்து வரும் வாரத்தில் ஒரே நேரத்தில் ஒரு திருத்தத்தை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். முதலில் திறந்த தந்தியிலோ எளிய ஆரோகண வரிசையிலோ அதைப் பழகி, பிறகு பாப்பர் அல்லது டூபோரின் பொருத்தமான எட்யூடில் சோதித்து, அதன் பின்னரே உருப்படிக்குக் கொண்டுவர வேண்டும். நேரடியாக உருப்படியிலேயே திருத்தம் செய்ய முயன்றால், பழைய அசைவு அந்த மெட்டோடு ஒட்டிப்போயிருப்பதால் மீண்டும் மீண்டும் திரும்பி வரும்.

ஆசிரியரின் உடலமைப்பும் மாணவரின் உடலமைப்பும் வேறுபடும் இடங்களில் மாணவர் தயங்காமல் கேட்க வேண்டும். நீண்ட விரல்களுடைய ஆசிரியருக்கு எளிதாக வரும் விரிப்பு, சிறிய கையுடைய மாணவருக்கு வலியைத் தரலாம். அந்த விரிப்பின் நோக்கம் இழுவையொலியைத் தவிர்ப்பது என்பது தெரிந்திருந்தால், கட்டைவிரலைத் தளர்த்திக் கையை முழுவதும் மெல்லச் சாய்ப்பது போன்ற வேறொரு வழியில் அதே நோக்கத்தை நிறைவேற்றலாம். காரணம் தெரிந்தவருக்கே இந்தச் சுதந்திரம் கிடைக்கும்.

மறைந்த கலைஞர்களிடம் பயில்தல்

பதிவுகளின் வழியாகவும் ஓரளவு பயில முடியும். கசால்ஸ் 1936 முதல் 1939 வரை பதிவு செய்த பாக்கின் ஆறு சூட்டுகளும், கோடாயின் தனிச்செல்லோ சொனாட்டாவை ஸ்டார்க்கர் வாசித்த பதிவுகளும் இதற்குச் சிறந்தவை. 1960-இல் அமெரிக்காவின் பெர்க்லியில் கசால்ஸ் நடத்திய வகுப்புகள் படமாக்கப்பட்டுள்ளதால், அவர் திருத்தும் விதத்தையும் கண்ணால் காண முடிகிறது.

ஒரு பகுதியை முதலில் பலமுறை கேட்டு, இழுவையொலி எங்கே வருகிறது, நாதத்தின் நிறம் எங்கே மாறுகிறது என்பதிலிருந்து கலைஞர் எந்தத் தந்தியில், எந்த விரலால் வாசித்திருக்கக்கூடும் என்று ஊகித்து எழுத வேண்டும். காணொளி இருந்தால் பின்னர் ஒலியை நிறுத்திவிட்டு உடலை மட்டும் பார்த்து அந்த ஊகத்தைச் சரிபார்க்க வேண்டும். ஊகம் தவறிய இடங்கள், மாணவரின் காது இன்னும் பழக வேண்டிய இடங்களைச் சுட்டிக்காட்டும். ஆயினும் பதிவு மாணவரைத் திருத்தாது. உயிருள்ள ஆசிரியர் ஒருவர் மாணவரின் தோளைத் தொட்டு, அங்கே இருக்கும் இறுக்கத்தைக் காட்டும் வேலையை எந்தப் பதிவாலும் செய்ய இயலாது.

கற்றதைச் சோதித்தல்

ஒரு நுட்பம் மாணவருக்குச் சொந்தமாகிவிட்டதா என்பதை மூன்று சோதனைகளால் அறியலாம். முதலாவது, ஆசிரியர் இல்லாத இடத்தில், பழக்கமில்லாத நாற்காலியிலும் அறையிலும் அது நிலைக்க வேண்டும். இரண்டாவது, ஆசிரியர் சொல்லாத வேறோர் உருப்படியில் அதே சிக்கல் எழும்போது, மாணவர் தாமாகவே அதை அடையாளம் கண்டு தீர்க்க வேண்டும். மூன்றாவது, அதே இடத்துக்கு மற்றொரு விரல் வைப்பையும் வில்லோட்டத்தையும் அமைத்து, இரண்டுள் எது ஏன் சிறந்தது என்று காரணத்துடன் சொல்ல முடிய வேண்டும்.

இவற்றுக்கு மேலாக ஒரு பயிற்சி எஞ்சியிருக்கிறது. ஸ்டார்க்கர் சிறுவயதிலிருந்தே பிறருக்குக் கற்பித்துவந்தவர். பிறருக்கு விளக்கும் கட்டாயமே தம் வாசிப்பைத் தெளிவாக்கியது என்று அவர் கருதினார். எனவே உயர்நிலை மாணவர் ஒவ்வொருவரும் தொடக்கநிலையில் உள்ள ஒருவருக்கேனும் வாரம் ஒருமுறை வில் பிடிக்கவும் அமரவும் கற்றுத்தர வேண்டும். அந்தத் தொடக்க மாணவர் ‘ஏன்’ என்று கேட்கும்போது, ‘என் ஆசிரியர் அப்படிச் சொன்னார்’ என்பதைத் தவிர வேறு விடை தோன்றாத இடங்களைக் குறித்துக்கொண்டு, அவற்றைத் தம் ஆசிரியரிடம் அடுத்த பாடத்தில் கேட்டறிவது, ஒரு தேர்ந்த கலைஞரிடமிருந்து நுட்பத்தை முழுமையாகப் பெறுவதற்கு உறுதியான வழி.